விக்ரம் (2022): பழி சரி, கடன் எங்க?

#1 உவர்மலை மேட்டான்

முடிச்செல்லாம் அவிழ்த்துத்தான் எழுதியிருக்கு. படம் பார்க்காத ஆக்கள் இதோட நிண்டுகொள்ளுங்கோ.

‘விக்ரம்’ வந்தது 2022 ஜூன் 3. அந்த மாசம் இஞ்ச இலங்கையில பெற்றோல் வரிசையும் கரண்ட் கட்டும். கனபேர் போன் திரையில துண்டு துண்டாப் பார்த்த படம். இப்ப ஆறுதலா முழுசாப் பார்க்கிறவை கூடியிருக்கினம், அதால திரும்பக் கதைக்கலாம் எண்டு நினைக்கிறன்.

என்ர குற்றச்சாட்டு ஒண்டுதான். பழிவாங்கல் படம் எண்டா முதல்ல ஒரு கடன் ஏறவேணும். ஆரோ ஆருக்கோ செய்த அநியாயம் பார்க்கிற ஆளின்ர நெஞ்சில வட்டியோட ஏறினாத்தான், பிறகு நாயகன் கை ஓங்கேக்க எங்களுக்கும் கை துறுதுறுக்கும். ‘பாட்ஷா’ (1995) எடுங்கோ. மாணிக்கத்தைக் கம்பத்தில கட்டிவைச்சு அடிக்கிறாங்கள், அந்தாள் வாயே திறக்கேல்ல. விழுகிற ஒவ்வொரு அடியும் எங்கட கொப்பியில வரவு. பிறகு தங்கச்சியில கை வைக்கேக்க முதலும் வட்டியும் சேர்ந்து வெடிக்குது. முப்பது வருசமாகியும் அந்த இடத்தில மயிர் கூச்செறியுதெண்டா காரணம் சண்டை இல்லை, அதுக்கு முன்னால வாங்கின அடி.

‘விக்ரம்’ல நாயகன் விக்ரமின்ர (கமல்) மகன் பிரபஞ்சன் (காளிதாஸ் ஜெயராம்) செத்த பிறகுதான் எங்களுக்கு அறிமுகம். உயிரோட வாறது அங்கொண்டு இங்கொண்டு. தகப்பனும் மகனும் முகம் பார்த்துக் கதைச்சதா நெஞ்சில நிக்கிற காட்சி ஒண்டு சொல்லுங்கோ பார்ப்பம். பத்தாததுக்கு, இது பழிவாங்கல் இல்லை, போதை இல்லாத சமுதாயத்துக்காகச் செய்யிறது எண்டு விக்ரமே விளக்கம் குடுக்கிறார். அப்ப கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலமும் நாங்கள் ஆற்ற கடனை வசூலிச்சனாங்கள்?

#2 டச்சுக்குடா

அண்ணை, நீங்கள் படத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்க்கிறீங்கள். முதல் பாதி பழிவாங்கல் கதையே இல்லை, விசாரணைக் கதை. அதின்ர நாயகன் அமர் (பகத் பாசில்). கமல் அதில கர்ணன் எண்ட பேர்ல ஒரு பிணம். ஒரு நட்சத்திரப் படத்தில நட்சத்திரத்தைப் பிணமாக்கி, ‘இந்தக் கர்ணன் ஆர்?’ எண்டு ஊரெல்லாம் விசாரிக்க விடுறதுதான் லோகேஷ் கனகராஜ் போட்ட சூது.

எப்பிடிக் கட்டியிருக்கினம் எண்டு பாருங்கோ. ரசிகனுக்குக் குடுக்கவேண்டிய பாட்டை, ‘பத்தல பத்தல’ எண்டு தொடக்கத்திலயே குடுத்து வாயை அடைச்சாச்சு. அதுக்குப் பிறகு ஆளை மறைச்சாச்சு. அமர் சந்திக்கிற ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு கர்ணனைச் சொல்லுது: ஒருத்தருக்குக் குடிகாரன், ஒருத்தருக்குப் பொம்பிளைப் பித்தன், இன்னொருத்தருக்குப் போதைக்காரன். எல்லாச் சாட்சியும் ஒத்துப்போற ஒரே இடம், பேரப்பிள்ளையில உயிர். அந்த ஒரு இடத்தைத்தான் படம் உண்மை எண்டு வைச்சிருக்கு, மிச்சம் எல்லாம் வேசம். முகமூடிக் கொலைகாரரின்ர அடுத்த இலக்கான வீரபாண்டியனைக் காப்பாத்த அமர் காவல் நிக்கிற கலியாண வீட்டில, அவையின்ர தலைவன்ர முகமூடி கழருற நேரம் நாங்கள் விசிலடிக்கிறது கமல் வந்துட்டார் எண்டதுக்காக மட்டும் இல்லை. ஒண்டேகால் மணித்தியாலமாக் கேட்ட பொய்ச்சாட்சி எல்லாம் ஒரே நேரத்தில தலைகீழாகுது.

கடன் எங்க எண்டு கேட்டீங்கள். மகன்ர சாவில இல்லை. அந்தக் குழந்தையில.

#3 கிண்ணியா நானா

ரெண்டு பேரும் சொல்றது சரியா இரிக்கலாம். எனக்கு வசனமே கேக்கல்லயே. சவுண்டக் கூட்டினா வெடிக்கிற சத்தத்துக்கு வீடு அதிருது, கொறச்சா விஜய் சேதுபதி வாய மட்டும் அசைக்கிறார். இது படத்துப் பிழையா, ரீவிப் பிழையா?

#4 ஒலிப்பெட்டி

நானா, முக்கால்வாசி ரீவிப் பிழை, கால்வாசி கலவைப் பிழை. இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன், எல்லாருக்கும் உதவும்.

படத்தின்ர ஒலி 5.1 ஆக வந்தா ஆறு தனித்தனிப் பாதை. முன்னால இடம், வலம், நடு. பின்னால ரெண்டு. ஆறாவது அடித்தொனி. வசனம் கிட்டத்தட்ட முழுக்க நடுப் பாதையில. அனிருத்தின்ர இசை, மோட்டார்ச் சத்தம், வெடி எல்லாம் மிச்சத்தில பரவியிருக்கும். உங்கட ரீவியில இருக்கிறது ரெண்டு ஸ்பீக்கர், அதுவும் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்தபடி. ஆறை ரெண்டாக மடிக்கேக்க நடுப்பாதையை 3 டெசிபல் குறைச்சு இடத்துக்கும் வலத்துக்கும் பங்குபோடுறது வழக்கம். ஆனா அந்த ரெண்டிலயும் ஏற்கனவே இசை நிறைஞ்சிருக்கு. வசனம் நெரிசல் பஸ்ஸில ஏறின கிழவி மாதிரி.

செய்யவேண்டியது இந்த ஒழுங்கில:

முதல்ல படம் ஓடுற செயலிக்குள்ள ஒலித் தெரிவைப் பாருங்கோ. தமிழ், தமிழ் 5.1 எண்டு ரெண்டு இருந்தா, வெறும் ரீவிக்கு 5.1 இல்லாததை எடுங்கோ. அது ஏற்கனவே ரெண்டு பாதைக்கெண்டு மடிச்சது, ரீவி தன்பாட்டுக்கு மடிக்கிறதை விடத் திறம். பிறகு ரீவியின்ர ஒலி அமைப்புக்குள்ள ‘டிஜிட்டல் அவுட்புட்’ எண்டிருக்கிறதை ‘பிசிஎம்’ ஆக்குங்கோ. ‘சரவுண்ட்’ எண்டு என்ன பேர்ல இருந்தாலும் நிப்பாட்டுங்கோ, அது வசனத்தைக் கரைச்சு அறையெல்லாம் பூசும். கடைசியா ‘நைட் மோட்’. இது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும். வெடி சப்பையாகும், வசனம் மேல வரும். சவுண்ட் பார் இருந்து அதில நடு ஸ்பீக்கருக்குத் தனி அளவு இருந்தா 3 டெசிபல் கூட்டிப் பாருங்கோ. 6 வரைக்கும் போகாதேங்கோ, குரல் டின்னுக்குள்ள இருந்து வாறமாதிரிக் கேக்கும்.

அந்தக் கால்வாசிப் பிழை படத்தில. சந்தனம் (விஜய் சேதுபதி) வார்த்தையை மென்று விழுங்கிற பாத்திரம். அந்தக் குரலுக்குக் கீழ அடித்தொனி இசையைப் போட்டா ரெண்டும் ஒரே அலைவரிசையில மோதும். அமரின்ர காட்சிகளில அந்தப் பிரச்சினை இல்லை, பகத்தின்ர குரல் மெல்லிசு, தாளத்துக்கு மேலால வெட்டிக்கொண்டு வரும்.

#5 சாம்பல்தீவான்

ஒலிப்பெட்டி, தியேட்டரிலயும் இதே முறைப்பாடு இருந்ததே. அங்க ஆறு பாதையும் இருக்கே?

#6 ஒலிப்பெட்டி

இருக்கு. ஆனா கலவை செய்யிற இடத்தில ஒலி எந்த அளவில வைச்சுக் கேட்டினமோ அதே அளவிலதான் தியேட்டரிலயும் ஓடவேணும். டொல்பி பெட்டியில அந்த அளவு ‘7’. ஆக்கள் ‘காது வலிக்குது’ எண்டு முறைப்பட, இயக்கிறவர் 5க்கு இறக்குவார். ஒரு இலக்கத்துக்குச் சராசரி 3.3 டெசிபல். ரெண்டு இலக்கம் இறக்க 6.7 டெசிபல் போயிடும். வெடி அப்பவும் கேக்கும், முணுமுணுப்பு ஏசிச் சத்தத்துக்குள்ளயும் சனத்தின்ர விசிலுக்குள்ளயும் மூழ்கும். சனம் ‘வசனம் விளங்கேல்ல’ எண்டு திரும்பச் சத்தம்போடும். பிழை 7இல இல்லை. இப்பத்தைய படங்கள் ஒரு மூச்சு விடாம உச்சத்திலயே கலக்கப்படுறதில. சத்தமில்லாத அஞ்சு நிமிசம் இருந்தா ஆறாவது நிமிச வெடியை 7இல தாங்கலாம்.

#7 பாலையூற்று அக்கா

தம்பிமார், சத்தக் கதையில நிண்டு டச்சுக்குடா சொன்னதை விட்டிட்டீங்கள். குழந்தைதான் கடன் எண்டது நல்ல பார்வை. அதுக்கு ஆதாரம் திரைக்கதையிலயே இருக்கு: பலத்த சத்தம் கேட்டா அந்தக் குழந்தையின்ர இதயம் நிண்டுபோகலாம். இடைவேளைக்கு முன்னமே இந்த விதியைப் போட்டுவைச்சாச்சு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு துவக்குச் சூடும், ஒவ்வொரு கதவடிப்பும் எங்களுக்கு ரெண்டு அர்த்தம். அதிரடிப் படத்தில சத்தம்தான் சரக்கு. அந்தச் சரக்கையே ஆபத்தாக்கினது கெட்டித்தனம்.

கற்பனை எண்டு கனபேர் சிரிச்சவை. முழுக்கக் கற்பனை இல்லை. பிறவியில வாற ‘லோங் கியூ ரீ’ எண்ட இதயத் துடிப்புக் கோளாறில ரெண்டாம் வகைக்காரருக்கு அலாரம், டெலிபோன் மணி மாதிரித் திடீர்ச் சத்தம் துடிப்பைக் குழப்பி ஆளை விழுத்தும். அதாலதான் அப்பிடியான வீடுகளில கட்டிலுக்குப் பக்கத்தில அலாரமும் போனும் வைக்கவேண்டாம் எண்டு டொக்டர்மார் சொல்லுவினம். ‘பீற்றா புளொக்கர்’ வகை மருந்து குடுப்பினம், சிலருக்கு உடம்புக்குள்ள மின்னதிர்ச்சிக் கருவியும் வைப்பினம். படத்தில காட்டுறமாதிரி வீட்டைச் சுத்தி நிசப்தமாக்கினாப் போதும் எண்டில்லை, அது வேற கதை.

நான் சண்டைபிடிக்க வந்தது காயத்ரிக்காக. அமரின்ர மனுசி. அவளுக்கு அவன் என்ன வேலை செய்யிறான் எண்டுகூடத் தெரியாது. அவளுக்கெண்டு ஒரு ஆசை, ஒரு கோவம், ஒரு பகிடி, எதையாவது படம் எழுதியிருக்கா? இல்லை. சாகிறதுக்கெண்டே வந்து செத்துப்போறாள். அவள் செத்த கையோட அமர் முகமூடியைப் போட்டு விக்ரமின்ர பக்கம் வந்திடுறான். பெண்சாதியைக் கொல்லு, புருசன் கட்சி மாறுவான். இது திரைக்கதைக்குப் பெற்றோல் அடிக்கிற வேலை. மேட்டான் அண்ணை கேட்ட ‘கடன் எங்க?’ எண்ட கேள்வி விக்ரமுக்குப் பொருந்தாது, அமருக்குத்தான் அச்சாப் பொருத்தம்.

#8 உவர்மலை மேட்டான்

அக்கா சொன்னது குறிதவறேல்ல. முதல் பாதி முழுக்க அமரை மூளைக்காரனா, எதையும் ஆதாரத்தோட நம்புற ஆளாக் கட்டினவை. அவன் பக்கம் மாறவேண்டியது மூளையால. ஜோஸ் விலைபோன அதிகாரி எண்ட ஆதாரம் ஒண்டு கையில வந்தாலே அவனுக்குப் போதும். ஆனா நட்சத்திரப் படத்தில மூளையால மாறினா விசில் விழாது எண்ட பயம்.

#9 டச்சுக்குடா

ஏஜென்ட் டீனாவை ஒருத்தரும் கதைக்கேல்லயே!

#10 கமராக்கண்

கதைப்பம். அந்தச் சண்டைதான் முழுப் படத்திலயும் சுத்தமா வெட்டினது.

வேலைக்காரி. தலையைக் குனிஞ்சபடி வாறா, போறா. சட்டகத்தின்ர ஓரத்திலயே வைச்சிருப்பினம், முகத்துக்குக் கிட்டக் கமரா போகாது. பிறகு ஆக்கள் உள்ளுக்கு வர, ஒரே வீச்சில அவ ஆரெண்டு உடம்பு சொல்லுது, வசனம் இல்லை. நடிச்சவர் வசந்தி. கன வருசம் சினிமாவில நடன இயக்குநருக்கு உதவியாளரா வேலை செய்தவர். அதை வைச்சுத்தான் பார்க்கவேணும். நடனக்காரருக்கு எட்டு எண்ணிக்கை உடம்பில ஊறினது: ஒண்டில திரும்பு, மூண்டில கை, அஞ்சில இரு. சண்டையும் அதே எண்ணிக்கைதான். எண்ணிக்கை பிசகாத ஆளை வைச்சா வெட்டாம நீளமா எடுக்கலாம். பிசகிற ஆளுக்கு ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா வெட்டி வெட்டி ஒட்டவேணும், அப்ப ஆர் ஆரை அடிச்சது எண்டே விளங்காது. பெரிய நட்சத்திரங்களின்ர கன சண்டை குழம்பிக் கிடக்கிறதுக்கு இதுதான் காரணம், வயசும் முதுகு வலியும் எடிட்டிங் மேசையில மறைக்கப்படுது.

விக்ரமின்ர சண்டைகளில வேற உபாயம். ‘மோகோபொட்’ எண்ட இயந்திரக் கையில கமரா. ஒருக்கா பாதையைப் பதிஞ்சுவிட்டா அதே பாதையில, அதே வேகத்தில எத்தினை தரமும் போய்வரும். வேலை நடக்கிற விதம் இப்பிடி. முதல்ல சண்டைக்காரர் மெதுவா ஆடிக் காட்டுவினம், ஒவ்வொரு அடி விழுகிற இடத்துக்கும் நிலத்தில குறி ஒட்டுவினம். கமரா எந்த எண்ணிக்கையில எந்த முகத்துக்குப் போகவேணும் எண்டு பதிவினம். பிறகு வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஒத்திகை. கடைசியில இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடும், மனுசர் அதுக்கு ஏத்தமாதிரி விழவேணும். கமராவைத் தூக்கிற ஆள் எண்டா நடிகர் பிந்தினா அவரும் பிந்துவார். இயந்திரம் பிந்தாது. அரைச் செக்கன் பிந்தினா அடி சட்டகத்துக்கு வெளிய நடக்கும், முந்தினா இரும்புக் கை ஆளில மோதும். அதால ஒரு சின்னத் துண்டுக்கு அரை நாள் போகும். பலன் என்னெண்டா, அடி விழுகிற கணத்தில கமரா சவுக்கு மாதிரித் திரும்பி நிக்குது, வெட்டில்லாம. சண்டை அமைச்ச அன்பறிவு இரட்டையருக்கு இந்த மாதிரிக் கணக்குப் பார்த்து அடிக்கிறது கைவந்த கலை.

இதுக்கு ஒரு வில்லங்கமும் உண்டு. அந்தச் சவுக்குத் திருப்பம் முதல் தரம் கண்ணைப் பறிக்கும், மூண்டாம் தரம் ‘ஓ, இயந்திரம்’ எண்டு தெரிஞ்சிடும். டீனாவின்ர சண்டை மூண்டு வருசம் கழிச்சும் பிடிபடுறது உடம்பை நம்பி எடுத்ததால.

#11 மூதூர் வள்ளம்

துவக்கு விசயத்தில ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. இந்தக் கரையில பிறந்து வளர்ந்த சனத்துக்கு வெடிச்சத்தம் பிரிச்சுக் கேக்கத் தெரியும், படக்காரருக்கு அது விளங்கிறதில்லை.

ஏகே துவக்கில ஒரு கூட்டில 30 ரவை. தொடர்ந்து அமத்தினா நிமிசத்துக்கு 600 வீதம், எண்டா மூண்டு செக்கனில கூடு காலி. தமிழ்ப் படத்தில பாட்டு முடியுமட்டும் சுடுவினம். இந்தப் படத்தில சில இடத்தில கூடு மாத்திறதைக் காட்டினது ஆறுதல். குழலில வாற நெருப்புக்கும் ஒரு கணக்கிருக்கு. செக்கனுக்கு 24 சட்டகத்தில நெருப்பு ஒரு சட்டகம்தான் தெரியவேணும், மிஞ்சினா ரெண்டு. மூண்டு நாலு சட்டகம் நிண்டா பந்தம் பிடிச்சமாதிரி இருக்கும். அதோட நெருப்பு வெளிச்சம் சுடுற ஆளின்ர முகத்திலயும் பின்சுவரிலயும் விழவேணும். பிறகு கம்பியூட்டரில ஒட்டினா நெருப்பு இருக்கும், முகம் இருட்டாவே கிடக்கும். படப்பிடிப்பிலயே துவக்குக்குக் கிட்ட மின்னிற விளக்கு வைச்சு எடுத்தா அந்தப் பிசகு வராது. ‘விக்ரம்’ இரவுக் காட்சிகளில அநேகமா இது ஒழுங்கா இருக்கு, ஒளிப்பதிவு கிரீஷ் கங்காதரன்.

கடைசியில வாற பீரங்கிதான் பகிடி. எங்கட திருகோணமலை ஹூட்ஸ் டவர் நூதனசாலையில வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன கரையோரப் பீரங்கி நிக்குது, பார்க்கப் போறவை அடியைப் பாருங்கோ. கொங்கிரீட் மேடையில இறுக்கினது. ஏனெண்டா குண்டு முன்னுக்குப் போற அதே உதை பின்னுக்கும் வரும். வீட்டு நிலத்தில வைச்சு ஒராள் தனியச் சுட்டா, எதிரிக்கு முன்னம் பின்சுவர்தான் விழும்.

#12 டச்சுக்குடா

வள்ளம் அண்ணை, விக்ரம் முடிவெடுத்தா உதையும் ஒதுங்கும் 😄

#13 இறங்குதுறை

நானும் என்ர பங்குக்கு. கதையின்ர அச்சாணி போதைச் சரக்கோட தொலைஞ்சுபோன கொன்டெய்னர். அதைத் தேடித்தான் சந்தனம் அலையிறான், அதுக்குப் பின்னால அவன்ர முதலாளி றோலெக்ஸ். சரி.

எங்கட துறைமுகத்தில வந்து இறங்குறது கோதுமை, கிளிங்கர், எண்ணெய். கொன்டெய்னர் எல்லாம் கொழும்புக்குத்தான். எண்டாலும் பெட்டியின்ர சட்டம் உலகத்துக்கே ஒண்டு. ஒவ்வொண்டிலயும் நாலு எழுத்து, நாலாவது எழுத்து சரக்குப் பெட்டிக்கு ‘யூ’. பிறகு ஆறு இலக்கம். அதுக்குப் பக்கத்தில சின்னக் கட்டத்துக்குள்ள ஒரு தனி இலக்கம், முன்னால இருக்கிற எழுத்தையும் இலக்கத்தையும் பெருக்கிக் கூட்டி 11ஆல பிரிச்சு வாற மீதி. ஆராவது நம்பரை மாத்தி எழுதினா அந்தக் கட்டத்து இலக்கம் காட்டிக்குடுக்கும். கதவில போல்ட் சீல், அதுக்கும் நம்பர். வாசலில உள்ளுக்கு வாறதும் வெளிய போறதும் பதிவு. நாள் கூடக் கூடத் தாமதக் கட்டணம் ஏறும், கப்பல் கொம்பனி சும்மா விடாது.

20 அடிப் பெட்டி வெறுமனே ரெண்டேகால் தொன் அளவில வரும். முழுப் பாரமும் சேர்த்து அதிகபட்சம் 30.48 தொன். எண்டா உள்ளுக்கு ஏத்தக்கூடியது 28 தொன் சொச்சம். வசனத்தில எத்தினை தொன் எண்டு அளந்துவிட்டாலும் பெட்டி அதுக்கு மேல தாங்காது, தாங்கினாலும் ரெயிலர் அச்சு தாங்காது. பெட்டியை ஒளிக்கிறதெண்டா சரக்கை இறக்கிப் பிரிச்சு ஒளிக்கிறதுதான் புத்தி. இரும்புப் பெட்டியை முழுசா ஒளிக்கிறவன் அதைத் தூக்க 40 தொன் கிரேனையும் ஒளிக்கவேணும்.

ஆனா படம் பார்க்கேக்க இது ஒண்டும் உறுத்தேல்ல எண்டதையும் ஒத்துக்கொள்ளுறன். ஆக்கள் தேடுற சாமான் என்னவா இருந்தாலும் பரவாயில்லை, தேடுறவனுக்கு நேரம் முடியுது எண்டு தெரிஞ்சாப் போதும். விஜய் சேதுபதிக்கு அந்த அவசரம் உடம்பிலயே இருக்கு, வாயில போதை மருந்தைப் போட்டுக் கடிக்கிற ஒவ்வொரு தரமும்.

#14 உவர்மலை மேட்டான்

கதை துறைமுகத்துக்குப் போனது நல்லம். திரும்பக் கடனுக்கு வருவம்.

டச்சுக்குடா, அக்கா சொன்னதை வைச்சு ஒரு திருத்தம் செய்யிறன். முதல் பாதியில கடன் இருக்கு, ஒளிச்சு வைச்சிருக்கு. அது எனக்குப் பிடிபடாததுக்குக் காரணம் மகனைத் தேடினது. ஆனா ரெண்டாம் பாதியில படம் தானே அந்தக் கடனை மறந்திடுது. லோரன்ஸ், உப்பிலியப்பன், டீனா எண்டு பழைய கூட்டாளிமார் ஒவ்வொருத்தரா வெளிய வருகினம். 1986இல வந்த பழைய ‘விக்ரம்’ படத்து நினைவு ஒரு பக்கம், ‘கைதி’ (2019) ஆக்கள் ஒரு பக்கம். கடைசியில றோலெக்ஸா சூர்யா. சில நிமிசம்தான், ஆனா தியேட்டர் அதோட எழும்பி நிக்குது. ‘கைதி’ நாயகன் டில்லிக்கும் விக்ரமுக்கும் தலைக்கு விலை வைச்சிட்டுப் படம் முடியுது.

இது அடகுக்கடைக் கணக்கு. நகையை மீட்கேல்ல, வட்டியை மட்டும் கட்டித் திரும்ப வைச்சாச்சு. அடுத்த படத்தில வந்து மீட்கட்டாம்.

#15 சாம்பல்தீவான்

‘ஜெயிலர்’ (2023) அந்த வகையில நேர்மை. தகப்பன் மகனுக்காகப் பழிவாங்கக் கிளம்பி, கடைசியில மகனே கள்ளன் எண்டு தெரியவருது. கடன் பத்திரமே பொய்யெண்டாகுது. அந்த இடத்தில ரஜினியின்ர முகத்தில ‘மாஸ்’சும் இல்லை, ஸ்டைலும் இல்லை, ஒரு கிழட்டுத் தகப்பன். அதுக்கு முன்னால மற்ற ஊர் நட்சத்திரங்களை இறக்கிக் கைதட்டு வாங்கினதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு.

#16 பாலையூற்று அக்கா

‘மகாராஜா’ (2024) பார்த்தவை சொல்லுங்கோ, பழிக்கதையை எப்பிடி அடுக்கவேணும் எண்டதுக்கு அதுதான் பாடம். முடிச்சை அவிழ்க்கமாட்டன். முறைப்பாடு எழுதப் போற மனுசன் கேக்கிறது குப்பைத்தொட்டி. பொலிசும் சிரிக்குது, நாங்களும் சிரிக்கிறம். சிரிச்சுச் சிரிச்சே நாங்கள் கடனாளி ஆகிறம். காலத்தை முன்பின்னா வெட்டி அடுக்கினதில, சில காட்சி எந்த வருசம் எண்டு தெரியாமலே பார்க்க விடுறார் நித்திலன் சாமிநாதன். அது தெரிய வாற நேரம் வயித்தைப் பிரட்டும். விஜய் சேதுபதிக்கு அது 50ஆவது படம், நட்சத்திரப் படம்தான். ஆனா ஒரு இடத்திலயும் மெதுவாக நடக்கவிட்டு இசை போட்டு ஆளைத் தூக்கேல்ல.

ஆனா அதிலயும் பெண்பிள்ளைக்கு நடக்கிற கொடுமைதான் எரிபொருள். அதை மறைக்கவேண்டாம். கடன் கனமா இருக்கவேணும் எண்டு கேக்கிற நாங்கள்தான் அந்தக் கனத்தை எப்பவும் பொம்பிளையின்ர உடம்பில ஏத்தச் சொல்லிக் கேக்கிறம்.

#17 உவர்மலை மேட்டான்

அக்கா, அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை.

#18 கமராக்கண்

இன்னொரு சின்ன விசயம், இரவுக் காட்சி கறுப்பாக் கிடக்கு, ஆக்களே தெரியேல்ல எண்டு முறைப்படுறவைக்கு. படம் அவ்வளவு இருட்டில்லை. ரீவியின்ர ‘விவிட்’ அமைப்பை ‘சினிமா’ ஆக்குங்கோ, ‘டைனமிக் கொன்ட்ராஸ்ட்’ நிப்பாட்டுங்கோ, அசைவை வழவழப்பாக்கிற அமைப்பையும் நிப்பாட்டுங்கோ. அது ஓடினா கமல் மெகா தொடரில நடிக்கிறமாதிரி இருக்கும். கறுப்பில கட்டம் கட்டமாத் தெரிஞ்சா அது இணைய வேகம் குறைஞ்சு படம் நசுங்கினது. எச்டியில மணித்தியாலத்துக்கு 3 ஜீபி மட்டில போகும், இந்த நீளத்துக்கு 8, 9 ஜீபி ஒதுக்குங்கோ. இரவு டேட்டா உள்ள ஆக்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்கி வைச்சிட்டுப் பார்க்கிறது புத்தி. இறக்கேக்க ‘ஸ்டாண்டர்ட்’ எண்டு இருந்தா ‘ஹை’ ஆக மாத்தவேணும், இல்லாட்டி ராவெல்லாம் இறக்கியும் அதே கட்டம்தான்.

#19 டச்சுக்குடா

மேட்டான் அண்ணை, திரும்பப் பார்க்கிறதெண்டா முதல் பாதியில ஒண்டு மட்டும் கவனியுங்கோ. கர்ணனைப் பற்றிச் சாட்சி சொல்லுறவை கதைக்கேக்க, காட்சியில காட்டுறது அவை சொல்லுறதை மட்டும். பேரனோட இருக்கிற இடங்களில மட்டும்தான் அந்தாளின்ர கை நிதானமா அசையுது. குடிகாரன்ர கை இல்லை அது. முகமூடி இடைவேளையில கழரேல்ல, கையில எப்பவோ கழண்டிட்டுது.

#20 உவர்மலை மேட்டான்

பார்க்கிறன் தம்பி. காயத்ரி விசயத்தில மாறமாட்டன்.

#21 கிண்ணியா நானா

ஒலிப்பெட்டி தம்பி, பிசிஎம் ஆக்கி நைட் மோட் போட்டாச்சு. வசனம் இப்ப நல்லாக் கேக்குது. ஆனா அனிருத்தக் காணல்ல, எங்க போனார்?